விமானம் யார் கையில்? ஜே.ஆர்.டி. டாட்டா நடந்து வந்த பாதை

மழைக்காலம் பிறந்து விட்டால் பம்பாய் ஜூஹுவில் இருந்த விமான மைதானம் சேற்றுக் குளமாகி விடும். அப்போது ஒரு சின்ன விமானக் கம்பெனி மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு பூனாவுக்கு வந்து சேரும். எரவாடா சிறைச்சாலையின் நிழலில் இருந்த ஒரு மைதானம்தான் மழை நிற்கும் வரை அதற்கு விமான நிலையம்.

தாபோடியில் இருந்து கிர்க்கி வழியாகப் போய் ஆற்றைத் தாண்டினால் எரவாடா. அந்தச் சிறையில்தான் 1932-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் காந்திஜியின் உண்ணாவிரதத்தை முடிவுக்குக் கொண்டு வந்த பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அது நடந்து மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 15-ந் தேதி, அந்தக் கம்பெனியின் முதல் தபால் விமானம் கராச்சியில் இருந்து கிளம்பிற்று. ஓட்டி வந்தவர் ஜே.ஆர்.டி. டாட்டா. அப்போது அவருக்கு வயது 28.

விமானங்களை அரசாங்கம் நடத்த வேண்டுமா, தனியார் நடத்த வேண்டுமா? தனியாரிடம் விட்டால் கட்டணத்துக்கும் வழித்தடத்துக்கும் கடிவாளம் போட வேண்டுமா, அவர்கள் போக்கில் விட்டு விட வேண்டுமா? இந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. இதில் இரண்டு கட்சிக்காரர்களும் சாட்சிக்கு அழைக்கிற ஒரே பெயர் டாட்டாவுடையது. அவர் வளர்த்த கம்பெனியைச் சர்க்கார் பறித்துக் கொண்டது என்பார்கள் ஒரு சாரார். சர்க்கார் நிறுவனத்தின் தலைவராக இருந்துதானே அவர் உலகப் புகழ் பெற்றார் என்பார்கள் மறு சாரார். இரண்டும் நடந்தவைதான். ஆனால் அவர் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால், இரு தரப்புக்குமே முழுசாகப் பிடி கொடுக்காத மனிதர் என்பது விளங்கும்.

பாரிசில் பிறந்தவர்

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா 1904-ம் ஆண்டு ஜூலை மாதம் 29-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை ஆர்.டி. டாட்டா, டாட்டா தொழில்களின் ஸ்தாபகரான ஜாம்ஷெட்ஜியின் உறவினர். தாயார் சூசான் பிரெஞ்சுப் பெண்மணி. வீட்டில் பேசிய மொழி பிரெஞ்சு.

பிரான்சின் வட கடற்கரையில் ஹார்டலோ என்ற ஊரில் அவர்களுக்குக் கோடைக்கால வீடு ஒன்று இருந்தது. 1909-ல் இங்கிலீஷ் கால்வாயை விமானத்தில் முதன்முதலாகக் கடந்த லூயி பிளேரியோவுக்கும் அங்கேதான் வீடு. கடற்கரை மணலில் விமானங்கள் வந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சிறுவன் வளர்ந்தான். பதினைந்து வயதில் அங்கே ஒரு விமானத்தில் ஏறிச் சிறிது நேரம் சுற்றி வந்தான். விமானி ஆவது என்று அன்றைக்கே முடிவு செய்து விட்டான்.

பிரெஞ்சுப் பிரஜை என்பதால் ஓர் ஆண்டு பட்டாளத்தில் சேவை செய்ய வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜ் போய் என்ஜினீயரிங் படிக்க ஆசை. தந்தை அதற்கு இடம் கொடுக்காமல் இந்தியாவுக்கு வரச் சொன்னார். 1925 டிசம்பரில் டாட்டா ஆபீசில் சம்பளம் இல்லாத அப்ரெண்டிசாகச் சேர்ந்தார். (அந்த 1925-ம் ஆண்டில்தான், தாபோடி வழியாகப் போகும் ஜி.ஐ.பி. ரெயில்வேயின் நிர்வாகத்தைக் கம்பெனியிடம் இருந்து சர்க்கார் எடுத்துக்கொண்டது. ரெயிலில் அந்த வழக்கு முடிந்தபோது விமானத்தில் இன்னும் தொடங்கவே இல்லை.) அடுத்த ஆண்டே தந்தை காலமானார். கல்லூரி வாசலை மிதிக்காத வருத்தம் டாட்டாவுக்குக் கடைசி வரை இருந்தது.

1929 பிப்ரவரி 10-ந் தேதி அவருக்கு விமானி லைசென்ஸ் கிடைத்தது. இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் லைசென்ஸ் அது. அதில் எண் 1 என்று போட்டிருந்தது.

ஆகாகான் ஒரு பந்தயம் அறிவித்தார். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தன்னந்தனியாக விமானம் ஓட்டிக் கடக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு. டாட்டா கராச்சியில் இருந்து மேற்கே கிளம்பினார். ஆஸ்பி என்ஜினீயர் என்ற இளைஞர் இங்கிலாந்தில் இருந்து கிழக்கே வந்தார். எகிப்தில் அபூகிர் என்ற இடத்தில் இருவரும் சந்தித்தார்கள். ஆஸ்பியின் விமானத்துக்கு ஸ்பார்க் பிளக் இல்லாமல் தடங்கி நின்றிருந்தார். டாட்டா தன்னிடம் இருந்த உபரி பிளக்குகளை எடுத்துக் கொடுத்தார். பந்தயத்தில் ஆஸ்பி ஜெயித்தார். பிற்காலத்தில் அவர் இந்திய விமானப்படைத் தலைமைத் தளபதியாகவும் ஆனார்.

தபாலுக்குக் கூலி

நெவில் வின்சென்ட் என்ற ஆங்கிலேயர் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்து விலகியவர். இந்தியாவில் விமானத் தபால் நடத்தலாம் என்ற யோசனை அவருடையது. லண்டனில் இருந்து வரும் இம்பீரியல் ஏர்வேஸ் விமானம் தபாலைக் கராச்சியில் இறக்கி விடும். அங்கிருந்து பம்பாய்க்கும் மதராசுக்கும் ரெயிலில் போய்ச் சேர நாள் கணக்கில் ஆகும். அந்த இடைவெளியை ஒரு சின்ன விமானத்தால் அடைக்கலாம் என்றார் வின்சென்ட். டாட்டா குழுமத் தலைவர் சர் தோராப் டாட்டா முதலில் தயங்கினார். தொகை அதிகமில்லை, இரண்டு லட்சம் ரூபாய்தான் என்று சொல்லி அவரை இணங்க வைத்தார்கள்.

டெல்லி சர்க்கார் இணங்கத்தான் மூன்று ஆண்டுகள் பிடித்தன. முதலில் டாட்டா தரப்பில் மானியம் கேட்டார்கள். சர்க்கார் மறுத்தது. மானியமே வேண்டாம், தூக்கிச் செல்லும் தபாலின் எடைக்கு ஏற்பக் கூலி கொடுத்தால் போதும் என்று இறங்கி வந்த பிறகுதான் 1932 ஏப்ரலில் ஒப்பந்தம் ஆயிற்று.

அக்டோபர் 15-ந் தேதி காலை கராச்சி டிரிக் ரோடு மைதானத்தில் இருந்து புஸ் மாத் என்ற ஒற்றை என்ஜின் விமானத்தில் டாட்டா கிளம்பினார். ஆமதாபாத்தில் பெட்ரோல் நிரப்பினார். அந்தப் பெட்ரோல் மாட்டு வண்டியில் டின்களில் வந்தது! பிற்பகல் இரண்டு மணிக்குள் ஜூஹுவில் இறங்கி விட்டார். அங்கிருந்து வின்சென்ட் தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் மதராஸ் போய்ச் சேர்ந்தார். ஆக, இந்தியாவின் முதல் விமானக் கம்பெனி முதல் தடவை கிளம்பியதே தமிழ்நாட்டுக்குக் கடிதம் கொண்டு போகத்தான்.

வயர்லெஸ் கிடையாது. வழி காட்டும் கருவி எதுவும் கிடையாது. ஜூஹுவில் இருந்த ஆபீஸ் ஓலைக் கொட்டகை. விமானி, மெக்கானிக் எல்லாரையும் சேர்த்தாலும் விரல் விட்டு எண்ணி விடலாம். முதல் ஆண்டில் ஏறிய பிரயாணிகள் 155 பேர். லாபம் 60,000 ரூபாய். 1938-ல் பாதை திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது.

அதே 1938-ல் டாட்டா தொழில்கள் அனைத்துக்கும் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 34. இரும்பு ஆலை, மின்சாரக் கம்பெனிகள் எல்லாம் அவர் தலையில் வந்து விழுந்தன. ஆனாலும் மனசு விமானத்தில்தான். வலது கையாக இருந்த வின்சென்ட் 1942-ல் யுத்த வேலையாக விமானத்தில் போனபோது, அந்த விமானம் பிரான்சு கடல் அருகே சுட்டு வீழ்த்தப்பட்டு மாண்டார்.

பர்மிட் வெள்ளம்

யுத்தம் முடிந்ததும் அமெரிக்கப் படையினர் விட்டுச் சென்ற டக்கோட்டா விமானங்கள் மலிவு விலைக்குக் கிடைத்தன. கையில் கொஞ்சம் பணம் இருந்தவர்கள் எல்லாம் விமானக் கம்பெனி தொடங்கக் கிளம்பி விட்டார்கள். டாட்டா ஏர்லைன்ஸ் 1946 ஜூலை 29-ந் தேதி, அவருடைய பிறந்த நாளன்றே, ஏர் இந்தியா என்ற பெயரில் பொதுக் கம்பெனியாக மாறிற்று. அந்த ஆண்டே விமானப் போக்குவரத்துக்கு லைசென்ஸ் வழங்க சர்க்கார் ஒரு போர்டு அமைத்தது.

இங்கேதான் ஒரு விஷயத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தனியார் கட்சிக்காரர்கள் இதை வசதியாக மறந்து விடுவார்கள். டாட்டா அப்போது கேட்டது கட்டுப்பாட்டைத் தளர்த்தும்படி அல்ல. கூடுதல் கட்டுப்பாட்டைத்தான் கேட்டார். நாட்டில் விமானத்தில் போகிறவர்கள் கொஞ்சம் பேர், இரண்டு மூன்று கம்பெனிகளுக்கு மேல் தாங்காது, லைசென்சைக் கண்டபடி கொடுக்காதீர்கள் என்பது அவர் வாதம். நம் ஊரில் ஒரே ரூட்டில் பத்து பஸ்சுக்குப் பர்மிட் கொடுத்தால் என்ன ஆகும்? முன்னால் போகிற பஸ் ஆட்களை அள்ளிக்கொண்டு போகும், பின்னால் வருகிறவன் டீசலுக்குக் கடன் வாங்குவான். அந்தக் கதைதான் ஆகாயத்திலும் நடந்தது.

சர்க்கார் பத்துக்கு மேற்பட்ட கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுத்தது. அம்பிகா, ஜுபிட்டர் போன்றவை சில ஆண்டுகள் கூடத் தாங்காமல் மூடப்பட்டன. மற்றவை நஷ்டத்தில் தள்ளாடின. பெட்ரோல் வரியும் சேர்ந்து அழுத்திற்று. ஏற்கெனவே கடை வைத்திருந்தவர் புதுக்கடை வேண்டாம் என்று சொல்வது சகஜம்தானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதில் அவருக்குச் சுயநலம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கணக்கு அவர் சொன்னபடிதான் முடிந்தது.

இன்னொரு விவகாரத்தில் அவர் கணக்கு தப்பிற்று. தபால் மந்திரியாக இருந்த ரபி அகமது கித்வாய் இரவுத் தபால் விமானம் விட வேண்டும் என்றார். பம்பாய், கல்கத்தா, டெல்லி, மதராஸ் நான்கு ஊரில் இருந்தும் இரவில் விமானங்கள் கிளம்பும். நள்ளிரவில் நாகபுரியில் கூடும். மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் திரும்பி விடும். டாட்டா எதிர்த்தார். இரவில் இறங்க மைதானங்களில் போதிய வசதி இல்லை, வரவும் கட்டாது என்றார். மந்திரி விடவில்லை. 1949 ஜனவரி கடைசியில் வேறு கம்பெனியை வைத்துத் தொடங்கி விட்டார். ஏப்ரல் 1-ந் தேதி முதல் சாதாரணக் கடிதங்களும் கார்டுகளும் கூடுதல் ஸ்டாம்பு இல்லாமலே விமானத்தில் போயின. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊரில் இருந்து வரும் கடிதத்துக்காகக் காத்திருந்த ஏழைக் குமாஸ்தாவுக்கும் விமானம் அன்றுதான் உபயோகப்பட்டது. லாபக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் அது வந்திருக்காது. அதற்காக டாட்டாவின் பயம் வெறும் பயம் என்றும் சொல்லி விட முடியாது. 1953 டிசம்பரில் நாகபுரியில் இரவு விமானம் ஒன்று கிளம்பிய சற்று நேரத்தில் விழுந்து பலர் மாண்டார்கள்.

பாதி சர்க்கார், பாதி டாட்டா

இதற்கு நடுவில் வெளிநாட்டு விமான சர்வீஸ் தொடங்க அவர் ஒரு திட்டம் கொடுத்தார். மூலதனத்தில் சர்க்காருக்கு 49 சதவீதம், டாட்டாவுக்கு 25 சதவீதம், மீதி பொது ஜனங்களுக்கு. வேண்டுமானால் சர்க்கார் இன்னும் 2 சதவீதம் வாங்கிப் பெரும்பான்மை ஆகிக் கொள்ளலாம். நேரு சர்க்கார் சில வாரங்களிலேயே ஒப்புக்கொண்டது. ஏர் இந்தியா இன்டர்நேஷனல் பிறந்தது.

1948 ஜூன் 8-ந் தேதி மலபார் பிரின்சஸ் என்ற விமானம் 35 பிரயாணிகளுடன் பம்பாயில் இருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குக் கிளம்பிற்று. டாட்டாவும் அதில் போனார். அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 1-ந் தேதிதான், பூனாவுக்கும் அகமத்நகருக்கும் இடையே சர்க்காரின் முதல் எஸ்.டி. பஸ் ஓடிற்று. அந்த பஸ்களுக்கான மத்திய ஒர்க்ஷாப் இருப்பது நம் தாபோடியில்! தரையில் முழுக்க சர்க்கார், ஆகாயத்தில் பாதி சர்க்கார். ஒரே வாரத்தில் நாடு இரண்டையும் சோதித்துப் பார்த்தது.

தேசியமயம்

நொடித்துப் போன உள்நாட்டுக் கம்பெனிகளை என்ன செய்வது என்று ஆராய நீதிபதி ராஜாத்யட்ச தலைமையில் 1950-ல் கமிட்டி போட்டார்கள். கம்பெனிகள் அளவுக்கு மேல் இருக்கின்றன, ஒன்றோடு ஒன்று இணைந்து குறைய வேண்டும், உடனடியாகத் தேசியமயம் வேண்டாம் என்று கமிட்டி சொல்லிற்று.

ஆனால் காரியம் வேறு மாதிரி போயிற்று. 1952-ல் தகவல் தொடர்பு இலாகா ஜகஜீவன்ராமிடம் வந்தது. பழைய டக்கோட்டாக்களை மாற்றப் பெரும் பணம் வேண்டும், கம்பெனிகளிடம் பணம் இல்லை, சர்க்கார் பணம்தான் போக வேண்டும் என்றால் சொத்தும் சர்க்காருடையதாக இருக்கட்டும் என்பது சர்க்கார் வாதம். அதிலும் நியாயம் இருந்தது. டாட்டாவை வாட்டியது வேறு. முடிவு எடுத்த பிறகு கூப்பிட்டுப் பேசினார்கள் என்றும், இருபது ஆண்டு உழைப்புக்கு நஷ்ட ஈடு போதாது என்றும் நினைத்தார். நேருவும் அவரும் நண்பர்கள். இந்த விஷயத்தில் நேரு தன்னிடம் முன்கூட்டிப் பேசவில்லை என்ற வருத்தம் அவருக்கு ஆறவே இல்லை.

1953-ல் ஏர் கார்ப்பொரேஷன்ஸ் சட்டம் நிறைவேறிற்று. ஆகஸ்டு 1-ந் தேதி எல்லாக் கம்பெனிகளும் சர்க்கார் வசம் ஆயின. உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா இன்டர்நேஷனல். இரண்டையும் தனித்தனியே வைக்கச் சொன்னவர் டாட்டா. அந்த ஒன்றை மட்டும் சர்க்கார் ஏற்றது. கால அட்டவணை போட்டு விமானம் விட இனி வேறு யாருக்கும் உரிமை கிடையாது. பழைய கம்பெனிகளின் ஊழியர்கள் புதிய கார்ப்பொரேஷன்களுக்கு மாற்றப்பட்டார்கள். இந்தியன் ஏர்லைன்சுக்கு எட்டுக் கம்பெனிகளிடம் இருந்து வந்து சேர்ந்த விமானங்கள் 99. அதில் 74 டக்கோட்டா.

இவ்வளவுக்குப் பிறகு இன்னொருவராக இருந்தால் வீட்டுக்குப் போயிருப்பார். இரண்டு கார்ப்பொரேஷனுக்கும் தலைவராக இருக்க சர்க்கார் அவரை அழைத்தது. ஏர் இந்தியாவுக்கு மட்டும் தலைவராக, சம்பளம் வாங்காமல் இருக்கச் சம்மதித்தார். இந்தியன் ஏர்லைன்சில் டைரக்டராக மட்டும் இருந்தார். எதிர்த்துப் போராடிய சட்டத்தின் கீழேயே 25 ஆண்டுகள் வேலை பார்த்தார்.

எப்படிப் பார்த்தார் என்பதைச் சொல்ல வேண்டும். பிரயாணியாகப் போகும்போதெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போவார். திரை அழுக்காக இருக்கிறது, தேநீருக்கும் காப்பிக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியவில்லை, இறைச்சி வேகவில்லை என்று பட்டியல் போகும். கவுண்டரில் தூசி இருந்தால் தானே துணி எடுத்துத் துடைப்பார். விமானத்தில் கழிப்பறை அசுத்தமாக இருந்தால் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சுத்தம் செய்து விட்டு வந்து உட்காருவார். மேலதிகாரி வாளியைத் தூக்கினால் கீழே இருப்பவர் சும்மா நிற்க முடியுமா? 1960-ல் போயிங் 707 வந்தது. 1962-ல் ஏர் இந்தியா முழுக்க முழுக்க ஜெட் விமானக் கம்பெனி ஆயிற்று. 1971-ல் ஜம்போ ஜெட் வந்தது.

ஒரே சட்டம், ஒரே நாளில் பிறந்த இரண்டு பிள்ளைகள். ஒன்றுக்கு உலகப் பெயர். இன்னொன்றின் மீது தாமதம், நஷ்டம், வேலைநிறுத்தம் என்று புகார் மேல் புகார். சர்க்கார் நடத்தினால் உருப்படாது என்பவர்களுக்கு முதல் பிள்ளை பதில். சர்க்கார் நடத்தினால் போதும் என்பவர்களுக்கு இரண்டாவது பிள்ளை பதில். இதிலும் ஒரு நியாயம் பேச வேண்டும். ஏர் இந்தியாவுக்குக் கிடைத்தவை வசதியான வழிகள். இரண்டு நாட்டு சர்க்கார்களும் பேசி வைத்துப் பங்கு போட்டுக்கொண்ட சர்வீஸ்கள் அவை. சின்னச் சின்ன ஊர்களுக்குப் பழைய டக்கோட்டாவில், சர்க்கார் நிர்ணயித்த கட்டணத்தில் போக வேண்டிய பாரம் முழுவதும் இந்தியன் ஏர்லைன்ஸ் தலையில்.

1978

1978-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி எம்பரர் அசோகா என்ற ஜம்போ விமானம் பம்பாயில் இருந்து கிளம்பிச் சில நிமிடத்தில் கடலில் விழுந்தது. 213 பேர் மாண்டார்கள். அந்தத் துயரம் ஆறுவதற்குள், பிப்ரவரியில், மொரார்ஜி தேசாய் சர்க்கார் டாட்டாவைத் தலைவர் பதவியில் இருந்து நீக்கிற்று. அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்ட ஏர் சீப் மார்ஷல் பி.சி. லால் சொல்லித்தான் செய்தி அவருக்கே தெரிந்தது. 46 ஆண்டு உறவு இப்படி முடிந்தது. நிர்வாக இயக்குநராக இருந்த கே.ஜி. அப்புசாமி இதைக் கண்டித்துத் தன் பதவியை ராஜினாமா செய்தார்.

சம்பளம் வாங்காத தலைவரை நீக்க மந்திரிசபைக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஒரு பியூனை நீக்குவதற்கும் முன்கூட்டி ஓலை அனுப்ப வேண்டும் என்பது சர்க்கார் ஆபீசில் வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும்.

அதே 1978-ல், அக்டோபர் மாதம், அமெரிக்காவில் ஜனாதிபதி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். 1938-ல் இருந்து அங்கே எந்தக் கம்பெனி எந்த ஊருக்குப் போகலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதை ஒரு சர்க்கார் போர்டு தீர்மானித்து வந்தது. அந்தக் கட்டுப்பாட்டைப் படிப்படியாக எடுக்கச் சொன்னது புதுச்சட்டம். 1984 முடிவில் போர்டே கலைக்கப்பட்டது. பெரிய நகரங்களுக்கு இடையே கட்டணம் குறைந்தது. சாதாரண ஜனங்கள் விமானம் ஏறினார்கள். சின்ன ஊர்களுக்கு சர்வீஸ் நின்று போகாமல் இருக்க மானியம் கொடுக்க வேண்டி வந்தது. பிரானிப் கம்பெனி 1982-ல் நொடித்தது. உலகப் புகழ் பான்-ஆம் 1991-ல் மூடப்பட்டது. சர்க்கார் நடத்தும் முறைக்கும், கட்டுப்படுத்தும் முறைக்கும், கைவிட்டு விடும் முறைக்கும் உள்ள வித்தியாசத்தை உலகம் அப்போதுதான் புரிந்துகொள்ள ஆரம்பித்தது. நம் நாட்டில் இம்மூன்றையும் ஒரே குழப்பமாகக் குழப்பிக்கொண்டிருந்தோம். இன்றும் அந்தக் குழப்பம் முழுசாகத் தெளியவில்லை.

கடைசிப் பறப்பு

1980-ல் இந்திரா காந்தி மீண்டும் பிரதமரானதும் டாட்டாவை டைரக்டர் குழுவில் சேர்த்தார். தலைவர் நாற்காலி திரும்பவில்லை. அதற்காக அவர் முறைத்துக்கொள்ளவும் இல்லை. 1986 வரை கூட்டங்களுக்குப் போய் வந்தார்.

1982 அக்டோபர் 15-ந் தேதி முதல் தபால் விமானத்தின் பொன்விழா. 78 வயதான டாட்டா, சின்னஞ்சிறு லெபர்ட் மாத் விமானத்தில் ஏறிக் கராச்சியில் இருந்து ஆமதாபாத் வழியாக ஜூஹுவுக்குத் தானே ஓட்டி வந்தார். அந்த வயதில் பலருக்குக் கோயில் படி ஏறவே ஆள் துணை வேண்டும்.

1992-ல் பாரத ரத்னா விருது கிடைத்தது. 1993 நவம்பர் 29-ந் தேதி ஜெனீவாவில் காலமானார். பார்லிமெண்டு அவருக்கு அஞ்சலி செலுத்தி ஒத்திவைக்கப்பட்டது. உடல் பாரிசில், பெற்றோர் உறங்கும் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது.

மூன்று மாதம் கழித்து, 1994 மார்ச் 1-ந் தேதி, 1953-ம் ஆண்டுச் சட்டம் ரத்தாயிற்று. நாற்பது ஆண்டுகளாக மூடியிருந்த கதவு முழுசாகத் திறந்ததைப் பார்க்க அவர் இல்லை.

கதவு திறக்கத் தொடங்கியபோதே 1946-ன் காட்சி மறுபடி நடந்தது. ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோடிலுப்ட், சென்னையின் என்.இ.பி.சி. என்று வரிசையாக வந்தார்கள். சில ஆண்டுகளில் அத்தனையும் மூடப்பட்டன. பின்னால் கிங்பிஷர் 2012-லும், ஜெட் ஏர்வேஸ் 2019-லும் நின்றன. சம்பள பாக்கியோடு தெருவுக்கு வந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். மறுபக்கம், துபாய்க்கும் சென்னைக்கும் ரெயில் டிக்கெட் வாங்குவது போல டிக்கெட் வாங்கி நம்மவர்கள் போய் வருகிறார்கள் என்றால் அதற்கும் அந்தக் கதவுதான் காரணம். டாட்டா கம்பெனியாரே 1990-களில் சிங்கப்பூர் ஏர்லைன்சோடு சேர்ந்து விமானம் விட முயன்றார்கள். உள்நாட்டு சர்வீசில் வெளிநாட்டு விமானக் கம்பெனி பங்கு வைக்கக் கூடாது என்று சர்க்கார் 1997-ல் விதி போட்டதால் அந்த முயற்சி நின்றது. லைசென்சைக் குறைத்துக் கொடுங்கள் என்று 1946-ல் சொன்ன குடும்பத்துக்கே லைசென்ஸ் கிடைக்கவில்லை!

2007-ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்சையும் ஒன்றாக்கினார்கள். தனித்தனியே வைக்கும்படி டாட்டா 1953-ல் சொன்னவை அவை. கடன் மலை போல் ஏறிற்று. 2021 அக்டோபரில் 18,000 கோடி ரூபாய்க்கு டாட்டா குழுமம் ஏலத்தில் எடுத்தது. அதில் ரொக்கம் 2,700 கோடி. மீதி 15,300 கோடி கடனை ஏற்றுக்கொண்டது. 2022 ஜனவரி 27-ந் தேதி கம்பெனி கை மாறிற்று.

விற்ற சமயத்தில் ஏர் இந்தியாவில் 12,085 ஊழியர்கள். அதில் நிரந்தர ஊழியர்கள் 8,084 பேர். ஓர் ஆண்டுக்கு யாரையும் நீக்கக் கூடாது என்று சர்க்கார் நிபந்தனை போட்டது. மும்பை கலினாவில் உள்ள ஊழியர் குடியிருப்பு விற்பனையில் சேரவில்லை. விற்ற ஆறு மாதத்துக்குள் வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. சங்கங்கள் பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போயின. வழக்கு நடந்த மாதங்களில் அந்தக் குவார்ட்டர்சில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள்.